பழி சொல்லுமுன் பரிசோதனை

தொழிலும் துணையும்: திங்கள்தோறும் வரும் பகுதி



பிழைப்பை நாடி நம் முன்னோர் பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்த காலத்தில், அவர்களில் பலருக்கு முதன்முதலாகச் சோறு போட்டது தட்டெழுத்துப் பொறியே. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ் இளைஞருக்கு அந்நகரங்களின் அலுவலகங்களில் நல்ல மதிப்பு இருந்தது. அப்பொறியில் கோளாறு நேர்ந்தால் அது மறைந்து நிற்பதில்லை. எழுத்துக் கம்பி வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். மை நாடா காய்ந்திருப்பது தாளில் தெரியும். பொறியின் குற்றம் எது, கையின் குற்றம் எது என்று பிரித்துச் சொல்வது எளிதாக இருந்தது.

இன்று அந்த இடத்தில் லேசர் அச்சுப்பொறி அமர்ந்திருக்கிறது. பிரிண்டர் என்றே எல்லோரும் அழைக்கிறோம். நம் சங்க அலுவலகத்தின் அறிக்கையும் ரசீதும் அதில்தான் அச்சாகின்றன. நம்மவர் பணிபுரியும் கணக்காயர் அலுவலகங்களிலும், நம் குடும்பங்கள் சில தெருமுனைகளில் நடத்திவரும் ஜெராக்ஸ் கடைகளிலும் அது ஓயாமல் உழைக்கிறது. ஆனால் இது மூடிய பெட்டி. உள்ளே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அத்தகைய இடத்தில் கோளாறு நேர்ந்தால், கண்ணுக்குத் தெரிகின்ற யாரேனும் ஒருவர்மேல் குற்றத்தைச் சுமத்திவிடுவது மனித இயல்பு. அந்த ஒருவர் பெரும்பாலும் அலுவலகத்தில் கடைசியாக வந்து சேர்ந்த எளிய ஊழியராகவே இருக்கிறார்.

ஆகவே, இப்பொறியைப் பரிசோதிக்கும் முறையைப் பற்றி இத்திங்கள் எழுதத் துணிந்தேன். பழுதுபார்ப்பவர்களுக்கு உரிய பாடம் அன்று இது. ஓர் அளவுகோல், சில வெற்றுத் தாள்கள், சிறிது பொறுமை ஆகிய மூன்றும் உடைய எவரும் செய்யக்கூடியதே.

ஓர் இளைஞன்மேல் விழுந்த பழி

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நான் பணிபுரிந்துகொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் அங்கே உதவியாளனாகச் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. தாராவியில் தன் மாமன் வீட்டில் தங்கி, ஊரிலிருந்த தாய்க்கு மாதந்தோறும் பணம் அனுப்பி வந்தான். தாள் வாங்குவது, தபால் சேர்ப்பது, அச்சுப்பொறியைக் கவனிப்பது ஆகியவை அவன் வேலைகள்.

ஆண்டிறுதிக் கணக்கைத் தணிக்கையாளருக்கு அனுப்பவேண்டிய வாரம் அது. அச்சிட்ட ஒவ்வொரு தாளிலும் வலப்புற ஓரத்தில் கரும்புள்ளிகள் விழத் தொடங்கின. அதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான் புதிய டோனர் கார்ட்ரிட்ஜ் வாங்கி வருமாறு அவனிடம் பணம் கொடுத்திருந்தார்கள். மேலாளர் புள்ளிகளைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பழைய பெட்டியில் மலிவான தூளை நிரப்பிக் கொண்டுவந்து, மிச்சப் பணத்தை அவன் எடுத்துக்கொண்டான் என்று முடிவு கட்டிவிட்டார். மாதக் கடைசியில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது.

மாலையில் அவன் என் மேசைக்கு அருகே வந்து நின்றான். "அண்ணாச்சி, நான் மாத்தல. பெட்டிய முத்திரையோட கொண்டாந்து நீங்க பாக்கத்தான பிரிச்சேன்?" என்றான்.

பிரித்ததை நான் பார்த்தேனா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அன்று காலை நானும் அவனை ஐயுற்றேன். ஊர்க்காரன் என்பதால் வாய் திறக்காமல் இருந்தேனே தவிர, நம்பிக்கையால் அன்று. அந்த வெட்கம்தான் என்னை அப்பொறியின் அருகே இழுத்துச் சென்றது. நடந்ததைச் சொல்லுமுன், அப்பொறி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்வது முறையாகும்.

கைக்குட்டையில் பிறந்த கலை

1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறு அறையில் செஸ்டர் கார்ல்சன் என்பார் ஒரு சோதனை செய்தார். காப்புரிமை அலுவலில் இருந்தவர். ஆவணங்களுக்குப் படி எடுத்து எடுத்துச் சலித்தவர். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார். கண்ணாடித் துண்டில் மையால் எழுதி, அதைத் தகட்டின்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டம் மறைந்தது. எழுத்தின் நிழல் பட்ட இடத்தில் நிலைத்தது. மேலே நுண்தூளைத் தூவினார். எழுத்தின் வடிவில் தூள் ஒட்டிக்கொண்டது. மெழுகுத் தாளை அழுத்தி அதை ஒற்றி எடுத்துச் சூடு காட்டினார். எழுத்து தாளில் நிலைபெற்றது. உலர்முறைப் படியெடுப்பு அன்று பிறந்தது.

பின்னர், ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த கேரி ஸ்டார்க்வெதர், ஒளி பாய்ச்சும் வேலையை லேசர்க் கதிரிடம் ஒப்படைத்தார். 1977இல் அந்நிறுவனத்தின் பெரிய லேசர் அச்சுப்பொறி விற்பனைக்கு வந்தது. 1984இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் மேசைமேல் வைக்கும் பொறி வந்தபின் அது சிறு அலுவலகங்களையும் எட்டியது.

இன்றைய பொறியிலும் நடப்பவை கார்ல்சன் செய்தவையே. தகட்டுக்குப் பதிலாக டிரம் என்னும் உருளை சுழல்கிறது. முதலில் அதற்கு மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. இரண்டாவதாக, லேசர் அதன்மேல் எழுதுகிறது. மூன்றாவதாக, டோனர் தூள் ஒட்டுகிறது. நான்காவதாக, தாளுக்கு அடியிலுள்ள மாற்று உருளை அத்தூளைத் தாளின்மேல் இழுக்கிறது. ஐந்தாவதாக, ஃபியூசர் என்னும் சூடான பகுதி தூளை உருக்கித் தாளில் பதிக்கிறது. அதன் வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி வரை செல்லும். ஆறாவதாக, டிரம்மில் எஞ்சிய தூள் வழித்து எடுக்கப்படுகிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்க. கார்ல்சனின் தகட்டில் ஒளி படாத இடத்தில் தூள் ஒட்டியது. லேசர் அச்சுப்பொறியில் ஒளி பட்ட இடத்தில் தூள் ஒட்டுகிறது. இந்த ஒரு செய்தி பல கோளாறுகளுக்கு விளக்கம் தரும்.

முதற் சோதனை: பொறியைத் தனியே பேசவிடுங்கள்

கோளாறு என்றவுடன் கார்ட்ரிட்ஜை மாற்றுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது பிழை. முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: குற்றம் கணினியின் பக்கமா, பொறியின் பக்கமா?

இதற்குக் கணினியோடு இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, பொறி தன்னைப் பற்றித் தானே அச்சிடும் சோதனைப் பக்கத்தை எடுக்கவேண்டும். சில பொறிகளில் ஒரு பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் அப்பக்கம் வரும். சிலவற்றில் சிறு திரையில் உள்ள பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கவேண்டும். உங்கள் பொறிக்கு எது முறை என்பதைக் கையேட்டில் பார்த்து, பொறியின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அப்பக்கம் தெளிவாக வந்தால், பொறி குற்றமற்றது. கோளாறு கணினியிலோ, கம்பியிலோ, இரண்டையும் இணைக்கும் வலைப்பின்னலிலோ இருக்கிறது. அங்கே பெரும்பாலும் நேர்வன நான்கு. முதலாவது, முன்னர் அனுப்பிய வேலை ஒன்று வரிசையில் சிக்கிக்கொண்டு பின்வருவனவற்றைத் தடுப்பது. வரிசையில் உள்ளவற்றை நீக்கிவிட்டு இரண்டையும் அணைத்துப் போட்டால் அது தீரும். இரண்டாவது, கணினியில் வேறொரு பிரிண்டரின் பெயர் தெரிந்தெடுக்கப்பட்டிருப்பது. மூன்றாவது, மின்சாரம் போய் வந்தபின் வலைப்பின்னல் பொறிக்குப் புதிய ஐ.பி. முகவரி கொடுத்திருப்பது. கணினி பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். வலைப்பின்னலில் இணைந்த நிலையில் எடுத்த சோதனைப் பக்கத்தில் உள்ள முகவரியையும் கணினியில் உள்ள முகவரியையும் ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். நான்காவது, வேறு மாதிரிப் பொறிக்கு உரிய டிரைவர் கணினியில் இருப்பது. அப்போது பொருளற்ற குறிகள் பக்கம் பக்கமாக வந்து விழும். உடனே தாள் தட்டை வெளியே இழுத்துவிடுங்கள், தாளாவது மிஞ்சும்.

சோதனைப் பக்கமும் பழுதாக வந்தால், கணினியைத் தொடவேண்டாம். குற்றம் பெட்டிக்குள்ளேதான்.

எங்கள் அலுவலகத்தில் அந்த மாலை, கம்பியைக் கழற்றிவிட்டு அப்பக்கத்தை எடுத்தோம். புள்ளிகள் அதிலும் இருந்தன.

இரண்டாம் சோதனை: பாதி வழியில் நிறுத்துங்கள்

பெட்டிக்குள் குற்றம் என்று தெரிந்தபின், பெட்டியை இரண்டாகப் பிரிக்கவேண்டும். தாள் உள்ளே சென்று பாதி வழியில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் பொறி நின்றுவிடும். இப்போது தாளின் முன்பகுதி ஃபியூசரைக் கடந்திருக்கும். பின்பகுதி அதனை எட்டியிராது. கார்ட்ரிட்ஜை மெல்ல வெளியே எடுத்து, தாளையும் அசைக்காமல் எடுங்கள். உருகாத தூள் விரல் பட்டால் அழிந்துவிடும்.

உருகாத பகுதியில் உள்ள எழுத்தைப் பாருங்கள். அங்கேயே கறையோ குறையோ இருந்தால், குற்றம் ஃபியூசருக்கு முன்னே நிகழ்ந்தது. அங்கே தூய்மையாக இருந்து, ஃபியூசரைக் கடந்த பகுதியில் மட்டும் கறை இருந்தால், கார்ட்ரிட்ஜ் குற்றமற்றது.

வெற்றுத் தாளாகவே வெளிவரும் பொறிக்கும் இச்சோதனை உதவும். தாளில் எழுத்தின்றி டிரம்மின் மேல் மட்டும் எழுத்து தெரிந்தால், தூளைத் தாளுக்கு இழுக்கும் மாற்று உருளையைக் கவனிக்கவேண்டும். டிரம்மிலும் எழுத்து இல்லையென்றால், லேசர் எழுதவில்லை அல்லது தூள் வந்து ஒட்டவில்லை. டிரம்மை விரலால் தொடலாகாது. வெளிச்சத்தில் நெடுநேரம் வைக்கலாகாது. பார்த்தவுடன் ஒரு துணியால் மூடிவிடுங்கள்.

நாங்கள் மூன்று முறை, வெவ்வேறு நொடிகளில் நிறுத்திப் பார்த்தோம். உருகாத பகுதியில் மூன்று முறையும் ஒரு புள்ளிகூட இல்லை. அவன் முகத்தில் சிறிது உயிர் வந்தது. ஆயினும், மேலாளருக்கு இது போதாது என்று எனக்குத் தோன்றியது. "தூள் சிந்தியிருக்கும், நீங்கள் துடைத்திருப்பீர்கள்" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவார். யாரும் மறுக்க முடியாத சான்று ஒன்று வேண்டியிருந்தது.

மூன்றாம் சோதனை: அளவுகோல்

பொறிக்குள் இருப்பவை யாவும் உருளைகள். உருளையின் மேல் ஓரிடத்தில் கறையோ கீறலோ இருந்தால், அது ஒரு சுற்றுக்கு ஒரு முறை தாளைத் தொடும். எனவே, புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே உள்ள தொலைவு அந்த உருளையின் சுற்றளவே ஆகும். பள்ளியில் படித்த கணக்குதான்: விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு.

சிறு அச்சுப்பொறிகளின் டிரம் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அல்லது 30 மில்லிமீட்டர் விட்டம் உடையது. முதலாவதற்குச் சுற்றளவு 75 மில்லிமீட்டர்; இரண்டாவதற்கு 94. தூள் பூசும் உருளைக்கும், மாற்று உருளைக்கும், ஃபியூசருக்கும் வெவ்வேறு அளவுகள் உண்டு. அந்தந்தப் பொறியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இந்த அளவுகள் தரப்பட்டிருக்கும். ஒரு தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். ஆதலால் ஒரே தாளில் ஒரே கறை மூன்று நான்கு முறை வந்து, தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். சம இடைவெளியின்றிப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அது உருளையின் வேலை அன்று. சிந்திய தூளாக இருக்கலாம்.

எங்கள் பொறியின் டிரம் 24 மில்லிமீட்டர். கார்ட்ரிட்ஜின் டிரம் கெட்டிருந்தால் புள்ளிகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர் இருந்திருக்கவேண்டும். அளவுகோலை வைத்தோம். 56 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையேயும் அதுவே. அடுத்த தாளிலும் அதுவே. கையேட்டில் தேடினோம். ஃபியூசரின் உறை 18 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்று கண்டிருந்தது. 18ஐ 3.14ஆல் பெருக்கிப் பாருங்கள்.

மறுநாள் காலை பத்துத் தாள்களையும் அளவுகோலையும் மேலாளரின் மேசைமேல் வைத்தேன். அவரே அளந்து பார்த்தார். நண்பகலில் பழுதுபார்ப்பவர் வந்து ஃபியூசரைக் கழற்றினார். அதன் உறையில் ஓரிடத்தில் கீறல்; அதில் தூள் ஒட்டிக் கறுத்திருந்தது. உறையை மாற்றியவுடன் தாள்கள் தூய்மையாக வந்தன. கார்ட்ரிட்ஜ் அதே கார்ட்ரிட்ஜ்.

மேலாளர் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த திங்கள் முதல், எழுதுபொருள் அலமாரியின் சாவி அவன் கையில் இருந்தது.

தாள் சொல்லும் குறிப்புகள்

மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல், பழகியவர் தாளைப் பார்த்தே பாதிச் செய்தியை அறிவர். சிலவற்றைக் கூறுகிறேன்.

தாள் முழுவதும் கறுப்பாக வந்தால், டிரம்முக்கு மின்னூட்டம் ஏறவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். மின்னூட்டம் இல்லாத டிரம், முழுவதும் ஒளி பட்ட டிரம்மைப் போன்றது. ஆதலால் எங்கும் தூள் ஒட்டுகிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றிச் சரியாகப் பொருத்திப் பாருங்கள்.

புதிய கார்ட்ரிட்ஜ் போட்டவுடன் தாள் முழுவதும் வெள்ளையாக வந்தால் அஞ்சவேண்டாம். தூளை அடைத்துவைக்கும் முத்திரை நாடாவை இழுத்து எடுக்க மறந்திருப்பீர்கள்.

மேலிருந்து கீழாக வெளிறிய பட்டை தோன்றினால், தூள் குறைந்திருக்கலாம், அல்லது லேசர் வரும் சிறு கண்ணாடியில் தூசி படிந்திருக்கலாம். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, பக்கவாட்டில் தொட்டில் ஆட்டுவதுபோல் ஐந்தாறு முறை மெல்ல ஆட்டிப் போடுங்கள். பட்டை மறைந்தால் தூள் தீரப்போகிறது. புதியது வாங்க நாள் இருக்கிறது.

மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு வந்தால், டிரம்மில் கீறல் இருக்கலாம், அல்லது எஞ்சிய தூளை வழிக்கும் தகடு தேய்ந்திருக்கலாம். இரண்டும் ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பொறிகளில் அதை மாற்றுவதே வழி.

எழுத்து விரலால் தேய்த்தவுடன் அழிந்தால் ஃபியூசரின் சூடு போதவில்லை. அதற்குமுன், தடித்த தாளை வைத்துவிட்டு மெல்லிய தாள் என்று கணினியில் குறித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். திருமண அழைப்பிதழ் அச்சிடும்போது அடிக்கடி நேர்வது இது.

தாளை இழுக்காமல் பொறி வெறுமனே சுழன்றால், தாளெடுக்கும் ரப்பர் உருளை வழுவழுப்பாகியிருக்கும். பஞ்சு உதிராத துணியைச் சிறிது ஈரப்படுத்தித் துடைத்து, நன்கு உலரவிட்டுப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்ட்ரிட்ஜையும் தாளையும் டிரைவரையும் ஒருசேர மாற்றினால், கோளாறு நீங்கினாலும் காரணம் தெரியாது. காரணம் தெரியாத கோளாறு மீண்டும் வரும். அதே மாதிரிப் பொறி அண்டை அலுவலகத்தில் இருந்தால், அங்கே நன்றாக வேலை செய்யும் கார்ட்ரிட்ஜைச் சிறிது நேரம் இரவல் பெற்றுப் போட்டுப் பார்ப்பது, செலவில்லாத சிறந்த சோதனை.

மழைக்காலத் தாள்

மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் ஒன்றை மறக்கலாகாது. ஆடி ஆவணியில் பொறி பழுதானது என்று வரும் முறையீடுகளில் பல, பொறியின் பழுது அல்ல, தாளின் ஈரம். ஈரத் தாளில் மின்னூட்டம் நிலைக்காது கசிந்துவிடும். தூள் சரியாக வந்து சேராது. எழுத்து ஆங்காங்கே வெளிறும். அதே தாள் ஃபியூசரின் சூட்டில் ஆவி விட்டுச் சுருளும். சுருண்ட தாள் சிக்கிக்கொள்ளும். தாள் கட்டைப் பிரித்தால், அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் தட்டில் வைத்து, மற்றதை உறையோடு மூடி வையுங்கள். ஐயம் எழுந்தால், புதிய கட்டைப் பிரித்து முதல் ஐந்து தாள்களை இட்டுப் பாருங்கள். அவை நன்றாக வந்தால் பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

கைவைக்குமுன்

உள்ளே கைவிடுமுன் பொறியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். ஃபியூசர் ஆற அரைமணி நேரம் ஆகட்டும். சிக்கிய தாளை இரு கைகளாலும் பிடித்து, தாள் செல்லும் திசையிலேயே மெல்ல இழுங்கள். கிழிந்தால் சிறு துண்டும் உள்ளே எஞ்சாமல் எடுங்கள். மூடி திறந்திருக்கும்போது பொறியை நிறுத்தும் விசையை ஏமாற்றி ஓட்டிப் பார்க்கும் துணிச்சல் வேண்டாம். இப்பொறிகள் பலவற்றில் உள்ள லேசர்க் கதிர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

சிந்திய தூளை வீட்டில் பயன்படுத்தும் தூசி உறிஞ்சியால் எடுக்கலாகாது. அத்தூள் மிக நுண்ணியது. அதன் வடிகட்டியைக் கடந்து அறை முழுவதும் பரவும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். ஆடையில் பட்டால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் தூளை இளக்கித் துணியில் படியவைத்துவிடும்.

கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யு.பி.எஸ். பெட்டியில் இப்பொறியைச் செருகவேண்டாம். ஃபியூசர் சூடேறும்போது திடீரென்று மிகுந்த மின்சாரத்தை இழுக்கும், பெட்டி தாங்காது. நில இணைப்புச் சரியாக உள்ள மூன்று துளைச் செருகியில் நேராக இணையுங்கள்.

பழுது நீங்கியபின்

பழுது நீங்கியது என்று ஒரு தாளைப் பார்த்து மகிழ்ந்துவிடலாகாது. பொறி குளிர்ந்திருக்கும்போது பத்துத் தாள்களும், ஒரு மணி நேரம் உழைத்தபின் பத்துத் தாள்களும் அச்சிட்டுப் பாருங்கள். சூடேறியபின் மட்டும் தோன்றும் கோளாறுகள் உண்டு. நன்றாக வந்த தாள் ஒன்றில் நாளைக் குறித்து ஒரு கோப்பில் வையுங்கள். பின்னொரு நாள் ஐயம் எழுந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

இன்னொரு வழக்கத்தையும் வற்புறுத்திச் சொல்கிறேன். பொறியின் அருகே ஒரு சிறு ஏடு கட்டித் தொங்கவிடுங்கள். சோதனைப் பக்கத்தில், அப்பொறி அதுவரை அச்சிட்ட தாள்களின் மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் காணப்படும். கார்ட்ரிட்ஜ் மாற்றும் நாளில் அந்த எண்ணையும், மாற்றியவர், பார்த்தவர் ஆகிய இருவரின் கையொப்பத்தையும் ஏட்டில் எழுதுங்கள். அடுத்த முறை மாற்றும்போது கழித்துப் பார்த்தால், அந்தப் பெட்டி எத்தனை தாள் உழைத்தது என்பது தெரிந்துவிடும். பெட்டியின்மேல் போட்டிருக்கும் எண்ணிக்கை, தாளின் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே கறுப்பாகும் சாதாரணக் கடிதப் பக்கத்தை ஒத்த கணக்கு. படமும் கட்டமும் நிறைந்த பக்கங்களை அச்சிட்டுவிட்டு, "இரண்டாயிரம் வரவேண்டியது ஆயிரம்தானே வந்தது, மிச்சம் எங்கே?" என்று ஊழியரைக் கேட்பது நியாயம் ஆகாது.

இந்த ஏட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆயினும் அது முதலாளியின் பணத்தையும் காக்கும். தொழிலாளியின் பெயரையும் காக்கும். ஊரை விட்டு வந்து, உறவும் துணையும் இல்லாத நகரத்தில் வேலைக்குச் சேரும் ஒரு பிள்ளைக்கு நற்பெயரைத் தவிர வேறு என்ன முதல் இருக்கிறது? அந்த முதலைக் கரும்புள்ளி ஒன்று விழுங்கிவிடலாகாது.

நம் இல்லத்துப் பிள்ளைகளில் எவரேனும் இவ்வாண்டு முதன்முதலாக அலுவலகத்தில் அடியெடுத்து வைப்பதாக இருந்தால், அவர்களிடம் இப்பக்கத்தைக் கொடுங்கள். நம்மில் மேலாளராக உயர்ந்தவர்களும் ஒரு முறை படித்துப் பார்க்கவேண்டுகிறேன். மேசை இழுப்பறையில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஒருவரைக் கேள்வி கேட்குமுன் அதை எடுத்து ஒரு முறை அளந்து பாருங்கள்.

அடுத்த திங்கள் வேறொரு பொருளோடு சந்திப்போம்.